ஏற்காடு ஏறும் காருக்கு எந்த ஹார்ன்?

கேள்வி இதுதான்: "சேலம் அழகாபுரத்தில் இருக்கிறேன். சின்ன கார், வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வேலை விஷயமாக வாரம் மூன்று நாள் ஏற்காடு போய் வருகிறேன். கம்பெனியில் கொடுத்த ஹார்ன் ஸ்கூட்டர் ஹார்ன் மாதிரி இருக்கிறது. போன வாரம் ஒரு கொண்டை ஊசி வளைவில் நான் ஹார்ன் அடித்தும் மேலிருந்து வந்த லாரிக்குக் கேட்கவில்லை, நூலிழையில் தப்பித்தேன். ஏர் ஹார்ன் போடு என்கிறார்கள் நண்பர்கள். போடலாமா? வாரண்டி போய்விடுமா? போலீஸ் பிடிப்பார்களா?"

முதலில் நேரடியான பதில். ஹார்னை மாற்றலாம், உங்கள் பயணத்துக்கு மாற்றுவதுதான் நல்லது. ஏர் ஹார்ன் வேண்டவே வேண்டாம். 12 வோல்ட்டில் ஓடும் நத்தை வடிவ ட்ரம்பெட் ஹார்ன் ஒரு ஜோடி, நடுவில் ஒரு ரிலே (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), அதற்கென்று தனி ஃப்யூஸ். இவ்வளவு போதும். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. அதைச் செய்யாமல் புது ஹார்ன் வாங்கினால் பணம் வீணாகலாம்.

சேலத்தில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்க ஆரம்பித்து எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. "ஹார்ன் சத்தம் பத்தலைங்க" என்று வருகிற வண்டிகளில் நிறைய வண்டிகளுக்கு ஹார்ன் கெட்டிருக்காது, அதற்குப் போக வேண்டிய கரண்ட் முழுசாகப் போயிருக்காது. பட்டினி கிடப்பவனைப் பாடச் சொன்னால் குரல் எப்படி வரும்? ஹார்னும் அப்படித்தான். உங்கள் கார் இரண்டு வருடமாக மலை ஏறி இறங்குகிறது என்பதால் இந்தச் சந்தேகம் எனக்குக் கூடுதலாகவே வருகிறது. கீழே சேலத்தில் வெயில் கொளுத்தும். மேலே 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனி. சூடான வண்டி ஈரக் காற்றுக்குள் போய் நிற்கும், திரும்பவும் சூட்டுக்குள் இறங்கும். பம்பருக்குப் பின்னால் வயர்களைச் சொருகி இணைக்கும் கப்ளர்களிலும், வயரைக் காரின் பாடியோடு இணைக்கும் எர்த் போல்ட்டிலும் பச்சையாகப் பூத்துப்போவதை இந்த மாதிரி வண்டிகளில் நிறையப் பார்க்கிறேன்.

சோதனை எளிது. ஒரு மல்டிமீட்டர் எடுங்கள், இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இன்ஜினை ஓடவிட்டு பேட்டரி முனைகளில் அளந்தால் 13.5 முதல் 14.4 வோல்ட்டுக்குள் காட்டும். அப்புறம் ஒருவரை உள்ளே உட்கார்ந்து ஹார்னை அழுத்தச் சொல்லிவிட்டு, ஹார்னின் இரண்டு முனைகளிலும் அளக்க வேண்டும். அழுத்தும்போதே அளப்பது முக்கியம். அழுத்தாமல் அளந்தால் கரண்ட் ஓடாது, குறையும் தெரியாது. அங்கே 12.5-க்கு மேல் வந்தால் வயரிங் நன்றாக இருக்கிறது, ஹார்ன்தான் சின்னது. 11-க்குக் கீழே போனால் வழியில் எங்கோ வோல்ட்டேஜ் தொலைகிறது. எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பாருங்கள். கப்ளரைப் பிடுங்கிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டுங்கள். சில வண்டிகளில் இதிலேயே குரல் திரும்பிவிடும், பைசா செலவில்லை.

ஹார்னுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது ஏன் என்று புரியும். உள்ளே ஒரு காந்தச் சுருள், அதற்கு எதிரே மெல்லிய எஃகுத் தகடு. அதை டயாஃப்ரம் என்போம். பக்கத்தில் கரண்ட்டைத் திறந்து மூடும் ஒரு பாயிண்ட். பொத்தானை அழுத்தியதும் சுருளில் கரண்ட் பாய்ந்து தகட்டை இழுக்கிறது. இழுபட்ட தகடு பாயிண்ட்டைத் திறந்துவிடுகிறது. கரண்ட் நின்று தகடு பழைய இடத்துக்கு வருகிறது, பாயிண்ட் மூடுகிறது, திரும்பவும் இழுக்கிறது. வினாடிக்கு 400, 500 தடவை இது நடக்கிறது. வோல்ட்டேஜ் குறைந்தால் காந்தம் இழுக்கும் பலம் குறைகிறது, தகடு ஆடும் வீச்சும் குறைகிறது. அந்தக் குறைதான் உங்கள் காதில் மெலிந்த சத்தமாக விழுகிறது.

சரி, வயரிங் சரியாக இருந்து, ஹார்ன்தான் சின்னது என்று தெரிந்துவிட்டது. விலை குறைந்த கார்களில் பெரும்பாலும் ஒற்றை டிஸ்க் ஹார்ன்தான் இருக்கும். தட்டையாக, முறுக்குத் தட்டு மாதிரி. அதன் முன்பக்கம் இன்னொரு தகடு அதிர்ந்து சத்தத்தைக் கூர்மையாக்கும். சத்தத்தின் பலம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும், கீச்சென்று இருக்கும் பகுதியில்தான். சமதளத்தில், நேராக முன்னால் போகிறவருக்கு அது நன்றாகவே கேட்கும். சேலம் ஊருக்குள், நான்கு ரோடு, ஐந்து ரோடு சந்திப்புகளில் அது போதாது என்று நான் சொல்லமாட்டேன்.

மலைப்பாதைக்கு வேறு குணம் வேண்டும். கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து ஏற ஆரம்பித்தால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். எதிரே வருகிறவர் பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். உங்கள் சத்தம் பாறையைத் துளைத்துக்கொண்டு போகாது, அதைச் சுற்றி வளைந்துதான் போக வேண்டும். அலை நீளமாக இருக்கும் சத்தம்தான் நன்றாக வளையும். 400 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஓர் அலை கிட்டத்தட்ட 85 சென்டிமீட்டர். 3,000 ஹெர்ட்ஸ் கீச்சுச் சத்தத்தின் அலை 11 சென்டிமீட்டர்தான். கீச்சுச் சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போய்ப் பாறையில் முட்டித் திரும்பிவிடும், கனத்த சத்தம் மூலை திரும்பிப் போய்ச் சேரும். போன வாரம் உங்களுக்கு நடந்ததில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். உங்கள் காரில் நீங்கள் கேட்ட அளவுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்காது.

அப்படியானால் கனத்த குரல் ஹார்ன் ஒன்று மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. லாரி டிரைவர் இன்ஜின் உறுமலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அந்த உறுமலும் கனத்த சத்தம்தான், அதில் உங்கள் கனத்த குரல் கரைந்துபோகலாம். கூர்மையான குரல் அந்த உறுமலிலிருந்து தனியாகப் பிரிந்து கேட்கும். அதனால்தான் ஜோடியாக விற்கிறார்கள். ஒன்று சுமார் 400 ஹெர்ட்ஸ், மற்றது சுமார் 500 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது நாகஸ்வரத்துக்கு ஒத்து சேர்ந்தது போல ஒரு நிறைவு வருகிறது, காதைக் குத்தாமலே தூரத்துக்குப் போகிறது. நத்தை ஹார்னில் தகட்டுக்கு முன்னால் சுருண்ட குழாய் ஒன்று இருக்கும். அதிலுள்ள காற்றும் சேர்ந்து அதிர்வதால் கனம் கிடைக்கிறது. பெரிய வண்டிகளின் ஹார்ன் கம்பீரமாகக் கேட்கக் காரணம் பெரும்பாலும் இந்தக் குழாய்தான்.

கடையில் பெட்டிமேல் போட்டிருக்கும் டெசிபல் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். எத்தனை தூரத்தில் அளந்தது என்பதைப் பாருங்கள். ஹார்னை மட்டும் தனியாக வைத்து அளப்பது 2 மீட்டரில். வண்டியில் பொருத்தியபின் அளப்பது 7 மீட்டரில். தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கில் 2 மீட்டரில் 118 என்று போட்ட ஹார்ன் 7 மீட்டரில் 107 தான். எனவே ஒரு பெட்டியில் 118, இன்னொன்றில் 110 என்று இருந்தால், 118 தான் பெரிது என்று தூரத்தைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. இன்னொன்று, ஒரே சத்தமுள்ள இரண்டு ஹார்ன் சேர்ந்தால் சத்தம் இரு மடங்காகக் கேட்காது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபல் கூட வேண்டும். ஆகவே நான்கு ஹார்ன் வரிசையாக மாட்டிக்கொள்வதில் அர்த்தமே இல்லை. சிலர் கேட்டு வருவார்கள், நான் மாட்டித் தருவதில்லை.

கம்பெனி விஷயத்தில், பெயருள்ள எதையும் வாங்கலாம். நமக்குப் பக்கத்திலேயே கோயம்புத்தூரில் ரூட்ஸ் இருக்கிறது. மிண்டா, போஷ், ஹெல்லா எல்லாம் கிடைக்கிறது. தரமான ஜோடிக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய் வரை ஆகலாம், வயரிங் கிட் தனி. பெயரில்லாத மலிவு ஹார்ன்கள் முதல் மழைக்குத் தாங்குவதில்லை. உங்களுடையது மலை வண்டி, அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இப்போது வயரிங். இந்தப் பதிலில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்லப்போவது இதைத்தான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் பழைய ஒற்றை டிஸ்க் ஹார்ன் 3 முதல் 4 ஆம்பியர் எடுக்கும். கம்பெனிக்காரர்கள் வயரையும் ஃப்யூஸையும் அதற்குத் தகுந்தபடி வைத்திருப்பார்கள். நத்தை ஜோடி 10 ஆம்பியர் வரைக்கும், சில ஜோடிகள் அதற்கு மேலும் எடுக்கும். அந்த மெல்லிய வயரிலேயே இதை மாட்டினால் இரண்டு கெடுதல். முதலாவது, திரும்பவும் பட்டினி. மெல்லிய வயர் நான்கு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.1 ஓம் தடை வைத்திருக்கும், 10 ஆம்பியர் ஓடினால் அதிலேயே 1 வோல்ட் போய்விடும், கப்ளரில் தொலைவது தனி. புது ஹார்ன் வாங்கியும் "பெருசா வித்தியாசம் இல்லையே" என்பார்கள் பாருங்கள், காரணம் இதுதான். இரண்டாவது கெடுதல் ஆபத்தானது. தொலைகிற அந்த வோல்ட்டேஜ் வயரில் சூடாக மாறுகிறது.

ஒரு வண்டி என்னிடம் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. வேறொரு இடத்தில் ரிலே இல்லாமல் ஜோடி ஹார்ன் மாட்டியிருந்தார்கள். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் ஃப்யூஸைச் சொருகிவிட்டார்கள். குடும்பத்தோடு கோடை விழாவுக்கு ஏறிக்கொண்டிருக்கிறார்கள், கூட்டம், ஊர்ந்து ஊர்ந்து போகிறது வண்டி, வளைவுக்கு வளைவு ஹார்ன். பாதி மலையில் டேஷ்போர்டுக்குள்ளிருந்து கருகல் வாசனை. பின்சீட்டில் இரண்டு குழந்தைகள். அப்பா உடனே நிறுத்தி, எல்லாரையும் இறக்கி, பேட்டரி முனையைப் பிடுங்கிவிட்டார், புத்திசாலி மனிதர். நான் பிரித்துப் பார்த்தபோது நான்கு வயர்களின் உறை ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தது. ரிலே ஒன்றின் விலை நூறு ரூபாய்ச் சொச்சம். அந்த வண்டியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. ஃப்யூஸ் போகிறதென்றால் பெரிய ஃப்யூஸ் போடாதீர்கள். எதனால் போகிறது என்று பாருங்கள்.

ரிலே என்பது ஒரு கைமாற்று. ஸ்டியரிங் பொத்தானிலிருந்து வரும் சின்ன கரண்ட், ஏறத்தாழ 0.15 ஆம்பியர், ரிலேயைத் தட்டி எழுப்பும். ரிலே பேட்டரியிலிருந்து நேராகப் பெரிய கரண்ட்டை ஹார்னுக்கு அனுப்பும். கம்பெனி வயரிங் மேல் எந்தச் சுமையும் ஏறாது. கார் ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண் போட்டிருக்கும். பழைய ஹார்னுக்கு வந்துகொண்டிருந்த இரண்டு வயர்களும் 85, 86-க்குப் போக வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு புது வயர், ஃப்யூஸ் வழியாக, 30-க்கு. 87-லிருந்து இரண்டு ஹார்னுக்கும். இரண்டு ஹார்னின் மறுமுனையும் பாடியில் பெயின்ட் சுரண்டி இறுக்கிய ஒரு நல்ல எர்த்துக்கு. புது வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும், ஃப்யூஸ் 20 ஆம்பியர். அந்த ஃப்யூஸைப் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். ஹார்ன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால், நடுவில் வயர் எங்காவது உரசிப் பாடியில் பட்டால் அதைக் காப்பாற்ற யாரும் இல்லை.

சில கார்களில் பழைய ஹார்னுக்கு ஒரே வயர்தான் வரும், எர்த்தைப் பிராக்கெட் வழியாகவே எடுத்துக்கொள்ளும். அப்போது அந்த வயர் 86-க்கு, 85-ஐ எர்த்துக்குக் கொடுத்துவிடலாம். இப்போது வரும் கார்களில் ஹார்னைக் கம்ப்யூட்டர் பெட்டி கட்டுப்படுத்துகிறது. அதற்குச் சுருளோடு டயோடு அல்லது ரெசிஸ்டர் சேர்ந்த ரிலே வாங்குவது நல்லது. ரிலே விடும் நேரத்தில் சுருளிலிருந்து கிளம்பும் வோல்ட்டேஜ் அந்தப் பெட்டிக்குத் திரும்பிப் போகாது. டயோடு உள்ளதில் 86 பாசிட்டிவ், 85 நெகட்டிவ், மாற்றி மாட்டக் கூடாது.

எந்த வயரையும் வெட்ட வேண்டாம். உங்கள் வாரண்டி கேள்விக்கு இதுதான் பதில். பழைய ஹார்னின் கப்ளரில் அப்படியே சொருகிக்கொள்ளும் வயரிங் கிட் பெரும்பாலான கார்களுக்கு ரிலேயோடு கிடைக்கிறது. வெட்டி ஒட்டி டேப் சுற்றியிருந்தால், நாளைக்கு எலக்ட்ரிக்கலில் வேறு எது கெட்டாலும் அதைக் காட்டி வாரண்டி மறுப்பதற்கு இடம் கொடுத்ததாகிவிடும். கப்ளர் கிட் என்றால் கழற்றிப் பழையதை மாட்டிவிடலாம், அடையாளமே இருக்காது. இன்னொரு வழியும் கேட்டுப் பாருங்கள். உங்கள் மாடலிலேயே விலை கூடிய வேரியன்ட்டில் இரட்டை ஹார்ன் கொடுத்திருப்பார்கள். அந்தப் பொருளையே ஷோரூமில் வாங்கிப் பொருத்தச் சொன்னால் வாரண்டி பேச்சே எழாது.

ஸ்டியரிங்கை யாரையும் திறக்க விடாதீர்கள். ஹார்ன் மாற்ற அதைத் தொடவே வேண்டியதில்லை. உள்ளே ஏர்பேக் இருக்கிறது. வேலை தொடங்கும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

பொருத்தும் இடமும் திசையும் சின்ன விஷயமாகத் தெரியும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டிக்கு இடம் பத்தவில்லை என்று நத்தை ஹார்னின் வாயை மேல்நோக்கி வைத்து மாட்டிவிட்டேன். ஐப்பசி மழையில் அந்த வாய்க்குள் தண்ணீர் நிரம்பிவிட்டது. இரவில், மழையில், மலையில் ஹார்ன் செத்துப்போய், அந்த மனிதர் லைட்டை அடித்து அடித்தே இறங்கி வந்திருக்கிறார். மறுநாள் வந்து திட்டக்கூட இல்லை, நடந்ததை மட்டும் சொன்னார். வேறு ஜோடி போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து வாய் எப்போதும் கீழ்நோக்கி, கொஞ்சம் முன்பக்கமாகச் சாய்ந்துதான். கிரில்லுக்குப் பின்னால் இடம் இருந்தால் அதுதான் சிறந்தது. ஹார்னின் உடம்பு பம்பரிலோ ரேடியேட்டரிலோ இடிக்கக் கூடாது. ஹார்ன் தன் பிராக்கெட்டில் மட்டும் தொங்கி அதிர வேண்டும், வேறெதையாவது தொட்டுக்கொண்டிருந்தால் குரல் கரகரக்கும். முன்பக்கம் ஏர்பேக் சென்சார் எங்கே இருக்கிறது என்று பார்த்து அதை விட்டு விலகி மாட்டுங்கள். ரேடியேட்டருக்குக் காற்று வரும் வழியையும் அடைக்க வேண்டாம். ஏற்றத்தில் இன்ஜின் ஏற்கனவே சூடாகத்தான் இருக்கும்.

மாட்டி முடித்ததும் காருக்குள் உட்கார்ந்து அடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கண்ணாடி ஏற்றிய காருக்குள் உங்களுக்குக் கேட்பது வேறு, வெளியே போவது வேறு. ஒருவரை முப்பதடி தள்ளி முன்னால் நிற்கச் சொல்லுங்கள், அப்புறம் ஒரு சுவருக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் சுவருக்குப் பின்னால்தான் தெரியும்.

ஏர் ஹார்னை ஏன் இவ்வளவு உறுதியாக வேண்டாம் என்கிறேன்? சட்டம் ஒரு காரணம், அதை அடுத்துச் சொல்கிறேன். அதைவிட எனக்குப் பெரிய காரணம் உண்டு. ஏற்காட்டுப் பாதையில் உங்களுக்கு எதிரே வருவது லாரி மட்டும் இல்லை. பள்ளத்துப் பக்க ஓரத்தில் பைக்கில் இரண்டு பேர் இறங்கிக்கொண்டிருப்பார்கள். மேலே போய்விட்டால் நாகலூர், மஞ்சக்குட்டை சாலைகளில் காப்பித் தோட்டத்து வேலைக்கு நடந்து போகும் பெண்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், ரோட்டோரமே நடைபாதை. காதருகே திடீரென்று ஏர் ஹார்ன் அலறினால் பைக்காரர் கை உதறும். அந்த உதறலுக்கு அங்கே இடம் இல்லை, தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம். எச்சரிக்கை கொடுக்க வைத்த பொருள் ஒருவரைத் தள்ளிவிடக் கூடாது. மேலும், காரில் பொருத்தும் ஏர் ஹார்ன்களில் சின்ன கம்ப்ரஸர் சுற்றிக் காற்றழுத்தம் ஏறிய பிறகுதான் முழுச் சத்தம் வரும், நொடியில் ஒரு பங்காவது தாமதம். சாதாரண மின் ஹார்ன் தொட்டவுடன் பேசும். வளைவில் எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி சட்டம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி ஹார்னைப் பற்றியது. தரநிலைக்கு உட்பட்ட மின் ஹார்ன் இருக்க வேண்டும் என்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு சுரம் மாறி ஒலிக்கும் ஹார்னும், அளவுக்கு மீறிக் கடூரமாகவோ அலறலாகவோ ஒலிக்கும் எதுவும் கூடாது என்கிறது. நம் ஜோடி ஹார்னில் இரண்டு சுரம் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கிறது, மாறி மாறி அல்ல. நிறைய கார்கள் தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வருகின்றன. வண்டியில் பொருத்திய ஹார்ன் 7 மீட்டரில் 93 முதல் 112 டெசிபல் வரை இருக்கலாம். நல்ல கம்பெனி நத்தை ஜோடி அதற்குள் அடங்கும். ஏர் ஹார்ன், மியூசிக்கல் ஹார்ன் போட்டுப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு வரும். 2019 திருத்தத்துக்குப் பின் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸ் மூன்று மாதம் முடக்கம் என்று அது கடுமையாகவே இருக்கிறது. பஸ்களிலும் லாரிகளிலும் ஏர் ஹார்னைச் சோதனை போட்டுக் கழற்றுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

முறையான ஹார்னாகவே இருந்தாலும் தேவையில்லாமல், விடாமல் அடித்தாலோ, ஹார்ன் தடை போர்டு உள்ள இடத்தில் அடித்தாலோ 194எஃப் பிரிவு. 2019 திருத்தத்தின்படி முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்தடுத்து 2,000. மருத்துவமனை, பள்ளி கல்லூரி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் ஹார்ன் கூடாது. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, ஆபத்து நேரம் தவிர, ஹார்ன் கூடாது. நீங்கள் அழகாபுரத்திலிருந்து கிளம்பி கோரிமேடு வரும் வரை இந்த மாதிரி இடங்கள் எத்தனை என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். புது ஹார்ன் அங்கே பேச வேண்டிய அவசியமே இல்லை, அடிவாரம் தாண்டித்தான் அதற்கு வேலை.

அங்கே எப்படி அடிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன வாரம் நடந்ததில் ஹார்னின் பலவீனம் பாதி, நேரம் பாதியாக இருக்கலாம். பலரும் வளைவுக்குள் நுழைந்த பிறகு அழுத்துகிறார்கள். அதற்குள் எதிர் வண்டியும் நுழைந்துவிட்டிருக்கும். வளைவுக்கு முன்னால், ஸ்டியரிங்கைத் திருப்ப ஆரம்பிக்கும் முன்பே, சுருக்கமாக இரண்டு தடவை. அப்புறம் கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள். கேட்பது அடிப்பதைவிட முக்கியம். மலையில் நான் ஏசியை அணைத்துவிட்டு டிரைவர் பக்கக் கண்ணாடியை நான்கு விரல் இறக்கி வைத்துக்கொள்வேன். மேலிருந்து வரும் பஸ்ஸின் இன்ஜின் சத்தம் அது கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழும். பஸ்ஸும் லாரியும் கொண்டை ஊசியில் முழு அகலத்தையும் எடுத்துத்தான் திரும்ப முடியும், எனவே சத்தம் கேட்டால் வளைவுக்கு வெளியிலேயே நின்றுவிடுங்கள். ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை என்பது விதி, ஆனால் எதிரே வருகிறவருக்கு அது தெரியும் என்று நம்பி உள்ளே போகாதீர்கள்.

இரவில் ஹார்னைவிட லைட் நன்றாக வேலை செய்யும். டிப் அடித்தால் வெளிச்சம் பாறையிலும் மரத்திலும் விழுவது எதிர்ப்பக்கத்துக்கு முன்கூட்டியே தெரியும். மூடுபனியில் லைட் கரைந்துபோகும், அங்கே ஹார்ன்தான் கைகொடுக்கும், பனி சத்தத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

காட்டெருமை ரோட்டில் நின்றால் மட்டும் ஹார்னைத் தொடவே கூடாது. தோட்டங்களை ஒட்டிய சாலைகளில் அந்தியிலும் விடியலிலும் அவை வருவது உண்டு. தள்ளி நிறுத்தி, ஹெட்லைட்டைத் தாழ்த்தி, அவை போகும் வரை காத்திருங்கள். ஒரு டன் எடையுள்ள மிருகம் மிரண்டால் எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாக ஒரு வேலை. மாட்டிய பிறகு முதல் மழைப் பயணம் முடிந்து வந்ததும் பானட்டைத் திறந்து ரிலே சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், எர்த் போல்ட்டை ஒரு தரம் இறுக்குங்கள், ஹார்னை அழுத்தியபடி வோல்ட்டேஜை இன்னொரு தடவை அளந்து பார்த்து அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அளக்கும்போது அது அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கியிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது ஹார்னை அல்ல, அந்த எர்த்தை.